எழுபதைத் தாண்டினால் விசில்

அந்தச் சாம்பல் நிறக் கார் மூன்றாவது முறையாகக் கடைவாசலில் வந்து நின்றதைக் கண்ணாடிக்காரன் பார்த்தான். கையிலிருந்த தேநீரை அப்படியே ஸ்டூலின் மேல் வைத்துவிட்டு எழுந்து நின்றான்.

இருபத்திரண்டு வருடமாகக் கார்களுக்கு முன்கண்ணாடி மாற்றுவதுதான் அவன் தொழில். அந்தத் தெருவில் எல்லோருக்கும் அவன் 'கண்ணாடி'தான். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது வங்கிக்காரர்கள் மட்டும். கையெடுக்காமல் ஒரே ஓட்டமாகச் சட்டத்தைச் சுற்றிப் பசை இழுப்பதில் அவனுக்கு ஒரு கர்வம் உண்டு. செய்துகொடுத்த வண்டி ஒன்று திரும்பி வந்தால் அன்றைக்குச் சோறு இறங்காது. இந்தச் சாம்பல் கார் இரண்டு மாதமாக அவனுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தது, இரண்டு அர்த்தத்திலும்.

குறை இதுதான். மழை பெய்தால் ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில், கால் வைக்கும் இடத்தில் தண்ணீர் தேங்கும். மிதியடியைத் தூக்கினால் ஊறிப்போன கம்பளம், பாசி வாடை. அதோடு, வேகம் எழுபதைத் தாண்டினால் எங்கிருந்தோ ஒரு விசில். சில நாள் வரும், சில நாள் வராது. காற்று பக்கவாட்டில் அடித்தால் நிச்சயம் வரும்.

முதல் முறை வந்தபோது, தண்ணீர் சொட்டிய பக்கத்தின் கீழ்மூலையைப் பார்த்தான். அங்கே கண்ணாடி ஓரத்தில் ஈரம் இருந்தது. வெளியிலிருந்து சிலிக்கான் பசையைத் தடவி, விரலால் நீவி, "போயிட்டு வாங்க மேடம், இனிமே ஒரு சொட்டு வராது" என்றான். அடுத்த மழையில் ஒரு சொட்டு இல்லை, ஒரு செம்பு வந்தது. இரண்டாம் முறை, கதவு ரப்பர் தளர்ந்திருக்கிறது என்று சொல்லி அதைப் புதிதாக மாற்றிக் கொடுத்தான். விசில் இன்னும் சுத்தமாகக் கேட்க ஆரம்பித்தது.

இரண்டு முறையும் அவன் ஓயாமல் திட்டியது ஒரே ஆளைத்தான். காரின் சொந்தக்காரரான அந்த அம்மாள் அதைப் பழையதாக வாங்கியவர். அதற்கு முன்பே யாரோ இதற்குக் கண்ணாடி மாற்றியிருக்கிறார்கள் என்பது, கண்ணாடியின் மூலையில் இருந்த முத்திரை கார் கம்பெனியுடையது இல்லை என்பதைப் பார்த்ததுமே அவனுக்குத் தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து, "எந்த மகராசன் ஒட்டினானோ", "பசையைக் கண்ணால பார்த்திருப்பானா மாட்டானா", "இவனெல்லாம் தபால்தலை ஒட்டவே லாயக்கில்ல" என்று ஆசை தீரத் திட்டியிருந்தான்.

இன்றைக்கு வார விடுமுறை. தெருவில் மற்ற கடைகள் எல்லாம் மூடிக் கிடந்தன. பக்கத்துக் கடையில் இருக்கை தைக்கிறவரின் மிஷின் சத்தம்கூட இல்லை. அந்த அம்மாளுக்கு இன்றுதான் வர முடியும் என்பதால் இவன் மட்டும் திறந்து வைத்திருந்தான்.

"வந்துட்டேன் தம்பி," என்றபடி இறங்கினார் அவர். ஐம்பதைத் தாண்டிய வயது. தடித்த செருப்பு, ஒரு தோளில் துணிப்பை.

"நீங்க திட்டினாலும் வாங்கிக்கிறேன் மேடம்."

"திட்ட வரல. கேக்க வந்தேன்."

"கேளுங்க. என்ன கேக்கணும்?"

"உங்களை இல்லப்பா. வண்டியை."

பின்னிருக்கையிலிருந்து அவர் ஒரு கோலை எடுத்தார். ஒன்றரை முழ நீளம். கைபட்டுக் கைபட்டுக் கருத்து வழவழப்பான மரம். ஒரு முனையில் பித்தளைக் கூர். மறுமுனை சின்னக் கிண்ணம்போல அகன்று, காதை வைக்க வாகாகக் குழிந்திருந்தது.

"இது என்ன, மீன் பிடிக்கவா?" என்று கேட்டான். நக்கல் இல்லை. உண்மையிலேயே தெரியவில்லை.

அவர் சிரித்தார். "நான் தண்ணி ஆபீஸ்ல இருக்கேன். மண்ணுக்கடியில குழாய் உடைஞ்சா, எந்த இடத்துலன்னு யாராவது சொல்லணும்ல. தெரு முழுக்கத் தோண்ட முடியுமா? தரையில இதை ஊனி, காதை வச்சு, இங்கதான்னு கோடு போடுவேன். அந்த இடத்துல தோண்டுவாங்க."

"அதுக்கெல்லாம் மிஷின் இருக்கும்ல?"

"இருக்கு, அதுவும் வச்சிருக்கேன். ரெண்டுக்கும் வேலை இருக்கு. காருக்குள்ள மிஷினை வச்சா எல்லாச் சத்தத்தையும் தூக்கிக் கொடுத்துரும், காது கிழிஞ்சிரும். இது தொட்ட இடத்தை மட்டும் சொல்லும்." கோலைத் துணியால் துடைத்துக்கொண்டே, "ஆபீஸ்ல எனக்குப் பேரே காதுதான்," என்றார்.

"இதை முதல் தடவையே சொல்லியிருக்கலாமே மேடம்."

"டாக்டர்கிட்ட போயிட்டு நாமளே ஊசி போட்டுக்கிட்டா நல்லாவா இருக்கும்? உங்க தொழில்ல நான் எதுக்கு மூக்கை நுழைக்கணும்னு இருந்தேன். இப்போ ரெண்டு பேருக்கும் வேற வழியில்ல."

அவனுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் சாவியை வாங்கிக்கொண்டான்.

ஊருக்கு வெளியே ஆற்றை ஒட்டிப் போகும் அகலமான சாலைக்கு வண்டியை விட்டான். ஆற்றுப்பக்கமிருந்து காற்று பலமாக வீசியது. பக்கத்தில் உட்கார்ந்த அந்த அம்மாள் முதலில் காதிலிருந்த தோட்டைக் கழற்றிப் பைக்குள் போட்டார். பிறகு கோலின் பித்தளை முனையைக் கண்ணாடியின் கீழ் ஓரத்தில், அவன் சிலிக்கான் தடவிய அதே மூலையில் வைத்தார். கிண்ணத்தில் காதைப் பொருத்திக் கண்ணை மூடிக்கொண்டார்.

"வேகமாப் போகட்டுமா?"

 போகலாம் என்பதுபோல அவர் கையை மட்டும் லேசாக உயர்த்தினார்.

காது கொடுத்துக் கேட்பவர்கள் எத்தனையோ பேரை அவன் பார்த்திருக்கிறான். இப்படிக் கேட்கிற முகத்தை இதுவரை பார்த்ததில்லை. நெற்றியில் ஒரு சுருக்கம் இல்லை. உதடு மட்டும் கொஞ்சம் திறந்திருந்தது. தூங்குகிற குழந்தையின் முகம் மாதிரி இருந்தது, ஆனால் அதற்குள் யாரோ முழுதாக விழித்திருந்தார்கள்.

"இது எஞ்சின்," என்றார் மெதுவாக. கோல் ஒரு விரல் நகர்ந்தது. "இதுவும் எஞ்சின்தான்." இன்னொரு விரல். "இங்க டயர் சத்தம் வருது. பின்னாடி ஒரு டயர்ல கல்லு மாட்டியிருக்கு. உங்க பக்கம். அப்புறமா பாருங்க."

 பின்சக்கரத்தில் மாட்டிய கல்லை முன்கண்ணாடி வழியாகக் கேட்பதாவது என்று அவன் மனதுக்குள் நினைத்துக்கொண்டான்.

கண்ணாடிக்கும் கதவுக்கும் நடுவில் இருக்கும் தூணில் கோல் ஏறி முடித்தது. கீழ்மூலையிலும் ஒன்றுமில்லை, தூணிலும் ஒன்றுமில்லை. வண்டியை ஓரமாக நிறுத்தச் சொல்லிப் பின்னிருக்கைக்கு மாறினார். அங்கிருந்து இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே எக்கி, கண்ணாடியின் மேல் ஓரத்தை அந்தக் கோடியிலிருந்து விரல் விரலாகத் தொட்டுக்கொண்டு வந்தார். அவன் மறுபடியும் வேகம் பிடித்தான். அறுபது. அறுபத்தைந்து. நடுவில் தொங்கிய, பின்னால் வருவதைப் பார்க்கும் கண்ணாடியைத் தாண்டி, கோல் அவன் தலைக்கு மேலே வந்தது.

"ஆங்," என்றார்.

எழுபது. விசில் கிளம்பியது. அது வண்டி முழுக்கக் கேட்டது. எங்கே என்று சொல்லவே முடியாத அந்தப் பழைய சத்தம்.

"வேகத்தைக் கூட்டாதீங்க, குறைக்காதீங்க. அப்படியே பிடிங்க." கோலின் முனை ஒரு நெல் அளவு நகர்ந்தது. திரும்பி வந்தது. "இங்க ரெண்டு சத்தம் இருக்கு தம்பி. ஒண்ணு உள்ள நுழையிற சத்தம். இன்னொண்ணு நுழைஞ்ச காத்து ஒரு பள்ளத்துல சுத்துற சத்தம். நுழையிறது இது."

அந்த இடத்தில் ஒரு துண்டு காகித டேப்பை ஒட்டினார். அவன் பக்கத்து மேல்மூலையிலிருந்து ஒரு சாணும் இரண்டு விரலும்.

வண்டியை நிறுத்திவிட்டு அவன் அந்த டேப்பையே பார்த்தான். "மேடம், தண்ணி வர்றது அந்தப் பக்கம், அதுவும் கீழ. நீங்க காட்டுறது இந்தப் பக்கம் மேல."

"என் வீட்டு வாசல் சரிவு. வண்டியை நிறுத்தினா இந்தப் பக்கம் மேடு, அந்தப் பக்கம் பள்ளம். தண்ணி இங்க நுழையுது. கூரை ஓரத்தைப் பிடிச்சுக்கிட்டே அந்தக் கோடி வரைக்கும் நடக்குது. அங்க தூணுக்குள்ள இறங்கி, கால்ல வந்து விழுது. அது வெளிய வர்ற வாசலை நீங்க அடைச்சீங்க. உள்ள வர்ற வாசல் திறந்தே இருக்கு." சொல்லிவிட்டுத் தோட்டை மறுபடி மாட்டிக்கொண்டார். "மண்ணுக்கடியிலயும் இதே கதைதான். ஒரு வீட்டு அடித்தளத்துல தண்ணி ஊறுதுன்னு போனேன். உடைஞ்சது மூணு தெரு தள்ளி. ஒரு பழைய கேபிள் குழாய்க்குள்ள புகுந்து, அது பாட்டுக்கு நடந்து வந்திருக்கு."

அவன் இறங்கிப் போய்ப் பின்சக்கரத்தைப் பார்த்தான். ரப்பர் வரிகளுக்கு நடுவே கொண்டைக்கடலை அளவுக்கு ஒரு கல் மாட்டியிருந்தது. அதை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி எடுத்தான். உள்ளங்கையில் வைத்துக்கொண்டு சாலையோரத்தில் சற்று நேரம் அப்படியே நின்றான். தூக்கிப் போட மனசு வரவில்லை. ஆனால் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாததால் போட்டுவிட்டான்.

கடைக்குத் திரும்பியதும் அவன் தன் முறைப்படி ஒரு சோதனை செய்தான். நம்பாததால் இல்லை, கண்ணால் பார்க்க வேண்டும்போல இருந்தது. எல்லாக் கதவையும் மூடி, வெளிக்காற்றை உள்ளே இழுக்கும் காற்றாடியை முழு வேகத்தில் வைத்து, வெளியே கண்ணாடி ஓரம் முழுக்கச் சோப்பு நீரைத் தெளித்தான். உள்ளே அடைபட்ட காற்று, ஓட்டை இருக்கும் இடத்தில் வெளியே வந்தே தீர வேண்டும்.

இருவரும் குனிந்து பார்த்தார்கள். சோப்பு நீர் வழிந்தது. எங்கும் ஒன்றுமில்லை. டேப்புக்கு நேர் எதிரே மட்டும், கண்ணாடி ஓரத்து ரப்பர் பீடிங்கின் அடியிலிருந்து ஒரு குமிழ் மெல்ல எட்டிப் பார்த்தது. மிளகு அளவு. பிறகு பட்டாணி. அதன் தோலில் தெருவும் கடையின் கூரையும் அவர்கள் இருவரின் தலைகளும் வளைந்து தெரிந்தன. உடைந்தது. அதே இடத்தில் இன்னொன்று பிறந்தது.

டேப்பிலிருந்து அது ஒரு நூல்கூட விலகவில்லை.

"அக்கா," என்றான். மேடம் எப்போது அக்கா ஆனார் என்று அவனுக்கே தெரியவில்லை. "நான் இருபத்திரண்டு வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன்."

"நான் முப்பது," என்றார் அவர். "கழட்டுங்க. உள்ள பார்ப்போம்."

பீடிங்கை உரித்துப் பார்த்தபோது அடியில் சட்டத்தின் ஓரம் துருப்பிடிக்க ஆரம்பித்திருந்தது. மேலே பூசி மெழுகினால் இன்னும் ஒரு வருடத்தில் துரு இரும்பையே தின்றுவிடும். கண்ணாடியை எடுத்தே ஆக வேண்டும். அதற்கு இரண்டு ஆள் வேண்டும். பசையைக் குத்தி மெல்லிய கம்பி ஒன்றை உள்ளே விட்டு, வெளியே ஒருவர், உள்ளே ஒருவர், ஆளுக்கு ஒரு கைப்பிடியைப் பிடித்து, ரம்பம்போல மாற்றி மாற்றி இழுக்க வேண்டும். வழக்கமாகப் பக்கத்துக் கடைக்காரர் வந்து கைகொடுப்பார். இன்று அவரும் இல்லை.

"நான் உட்காரட்டுமா உள்ள?" என்றார் அந்த அம்மாள்.

"கை வலிக்கும்க்கா."

"தெரு நடுவுல இருக்கிற இரும்பு மூடியைத் தூக்குற கை இது. கம்பியைக் கொடுங்க."

இழுத்தார்கள். கம்பி பசையை அறுக்கிற சத்தம் சீராகக் கேட்டது. கீழ் ஓரம், பக்கத்தூண், மேல் ஓரம். அவர் கை ஓயவில்லை. அவன்தான் இரண்டு முறை மூச்சு வாங்கினான். கண்ணாடியின் குறுக்கே எதிரெதிரே முகம் பார்த்தபடி இழுத்தார்கள். டேப் ஒட்டிய இடத்தை நெருங்கியதும், "இப்போ பாருங்க, இளகும்," என்றார். சொன்ன மறு இழுப்பில் கம்பி தடையே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனது. அங்கே அறுக்க எதுவும் இல்லை.

உறிஞ்சுக் கிண்ணங்களைப் பதித்து, ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக் கண்ணாடியைத் தூக்கி, துணி விரித்த மேசையில் கவிழ்த்து வைத்தார்கள். அவன் விளக்கை இழுத்துக் குனிந்தான்.

கருப்புப் பசை நான்கு பக்கமும் சுற்றியிருந்தது. கீழ் ஓரத்தின் நடுவில் தொடங்கி ஒரே கனத்தில், ஒரே சீராக ஓடிய கோடு. நல்ல கை. அவனால் குறை சொல்ல முடியவில்லை. மேல் ஓரத்தில், மூலையிலிருந்து ஒரு சாணும் இரண்டு விரலும் தள்ளி, அந்தக் கோடு நின்றிருந்தது. அங்கேயே மறுபடியும் தொடங்கியிருந்தது. நின்ற முனைமேல் புதுப் பசை ஏறியிருந்தது. ஆனால் ஒட்டவில்லை. பழைய முனை ஆடை கட்டியிருந்தது, ஆறின பாலைப் போல. அந்த ஆடைக்கும் புதுப் பசைக்கும் நடுவே நகம் நுழையும் அளவுக்கு ஒரு வாய்.

"நடுவுல நிறுத்திட்டு, கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி இழுத்திருக்கான்," என்றான். "இந்தப் பசையை நிறுத்தக் கூடாதுக்கா. வெயில் நாள்ல பத்து நிமிஷத்துல மேல் தோல் காஞ்சிரும். எந்த மகராசன்..."

விளக்கை இன்னும் கிட்டே கொண்டுபோனான். கண்ணாடியின் உள்பக்கக் கருப்பு விளிம்பில், கூரைத் துணி மறைத்திருந்த இடத்தில், வெள்ளைப் பென்சிலால் ஒரு சின்ன வட்டமும் நடுவில் ஒரு புள்ளியும் இருந்தன. பக்கத்தில் ஒரு தேதி.

ஒட்டுகிற ஒவ்வொரு கண்ணாடியிலும் அவன் போடும் குறி அது.

 விளக்கு அவன் கையிலிருந்து மேசைக்குச் சாய்ந்தது. அந்த அம்மாள் குறியைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். சுவரில் தொங்கிய கணக்கு அட்டையின் மேல் அதே வட்டமும் புள்ளியும் கடையின் சின்னமாக அச்சடித்திருந்ததையும் பார்த்தார்.

"அந்த மகராசன் நீங்கதானா," என்றார்.

"நான்தான்க்கா."

அவர் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல், கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். அவன் அசடு வழிய நின்றான். ஆனால் அவன் பார்வை அந்தத் தேதியை விட்டு நகரவில்லை. மூன்று வருடத்துக்கு முந்தைய தேதி. தன் பிறந்த தேதியை மறந்தாலும் அதை அவன் மறக்க மாட்டான்.

"என்னப்பா, முகம் ஒரு மாதிரி ஆயிருச்சு? நான் சும்மா சிரிச்சேன்."

"அதில்லக்கா." ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். "அன்னிக்கு என் பொண்டாட்டிக்கு ரிசல்ட் வர்ற நாள். மார்புல ஒரு கட்டி. எடுத்து சோதனைக்கு அனுப்பியிருந்தாங்க. நானும் வர்றேன்னு சொன்னேன். வேலையைக் கெடுத்துக்காதீங்கன்னு தனியாப் போனா. நான் இங்க பசை இழுத்துக்கிட்டு இருந்தேன். போன் அடிச்சுது. நான் வேலை நடுவுல போன் எடுக்கவே மாட்டேன். அன்னிக்கு எடுத்தேன்."

"என்ன சொன்னாங்க?"

"'ஒண்ணுமில்லையாம், சாதாக் கட்டிதானாம்'னா. அவ்வளவுதான். வச்சிட்டா."

அவன் மேல் ஓரத்தின் அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். பசை இழுக்கும் கன்னைக் கீழே வைத்ததும், வண்டிப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்ததும் இப்போது நன்றாக ஞாபகம் வந்தது. எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தான் என்பது மட்டும் அன்றைக்கும் தெரியாது, பிறகும் யோசித்ததில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, விட்ட இடத்திலிருந்து இழுத்து முடித்திருக்கிறான். அந்த நேரம் எங்கேயும் போய்விடவில்லை. கருப்புப் பசைக்குள் நகம் அளவு இடைவெளியாக உட்கார்ந்துகொண்டு, வேறு யாருடைய வண்டியிலோ ஏறி, மூன்று வருடமாக ஊரைச் சுற்றிக்கொண்டு, காற்று அடிக்கும்போதெல்லாம் விசில் அடித்திருக்கிறது. இந்த அம்மாள் கண்ணை மூடிக் கேட்டது அதைத்தான்.



 "நல்ல சேதிக்கு நின்ன கைதானே," என்றார் அந்த அம்மாள். "சரி, எழுந்திருங்க. துரு இன்னும் தின்னுக்கிட்டு இருக்கு."

அவன் அன்று வேலை செய்ததுபோல் சமீபத்தில் செய்ததில்லை. துருவைச் சுரண்டினான், இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்தான், பிரைமர் பூசிக் காயவிட்டான். பழைய பசையைக் கத்தியால் மெல்லியதாகச் சீவினான். பழுதான அந்த இணைப்பை மட்டும் விரல் நீளத்துக்கு வெட்டியெடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். பிறகு கைப்பேசியை அணைத்து மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினான். கீழ் ஓரத்தின் நடுவில் கன்னை வைத்து இழுக்க ஆரம்பித்தான். அந்த அம்மாள் எதிரே நின்று மூச்சு விடாமல் பார்த்தார். கோடு மூலை திரும்பியது, தூண் ஏறியது, மேலே ஓடியது, இறங்கி வந்து தொடங்கிய இடத்தில் சேர்ந்தது.

"இது வெறும் கோடு இல்லப்பா," என்றார் அவர் மெதுவாக. "நான் கோடு போடுறவ. எனக்கு இப்படி வராது."

இருவரும் சேர்ந்து கண்ணாடியைத் தூக்கி இறக்கி அழுத்தினார்கள். இனி பசை இறுகும்வரை மூன்று மணி நேரம் வண்டியைத் தொடக்கூடாது.

காத்திருக்கும்போது அவர், "நீங்க ஒரு தடவை கேட்டுப் பாக்குறீங்களா?" என்று கோலை நீட்டினார்.

தெருவில் ஒரு வண்டி இல்லை. கடைவாசலில், அவன் தினம் நடக்கிற இடத்தில், ஓர் இரும்பு மூடிக்குப் பக்கத்தில் கோலை ஊன்றச் சொன்னார். அவன் குனிந்து காதை வைத்தான்.

முதலில் தன் ரத்தம் ஓடும் சத்தம்தான் கேட்டது. "மூச்சைக் கொஞ்சம் நிறுத்துங்க," என்றார். நிறுத்தினான். அதற்கு அடியில், வெகு ஆழத்திலிருந்து, ஒரு நீண்ட முனகல் வந்தது. அது ஓயவில்லை. உள்ளே ஒரு பெரிய உயிர் படுத்துக்கொண்டு ஒரே மூச்சை விட்டுக்கொண்டே இருப்பதுபோல இருந்தது. ஏதோ ஒரு வீட்டில் யாரோ குழாயைத் திறந்தார்கள் போலிருக்கிறது. முனகலின் மேல் ஒரு மெல்லிய இழை ஏறியது, பிறகு அடங்கியது.

"இது எப்பவும் ஓடுதா?"

"எப்பவும்."

"நான் இருபத்திரண்டு வருஷமா இது மேலதான் நின்னுக்கிட்டு இருக்கேனா?"

"எல்லாரும் அது மேலதான் நிக்கிறோம்."

அவன் நிமிரவே இல்லை. இடுப்பு வலித்தது. பரவாயில்லை என்று இன்னும் கேட்டான். தனக்குத் தெரிந்த தெரு இது, தன் கடை இது, தன் தொழில் இது என்று நினைத்திருந்தவனுக்கு, கால்களுக்குக் கீழே தரை பல மடங்கு ஆழமாகிவிட்டதுபோல இருந்தது. "இதுல எது ஓட்டைன்னு எப்படிக்கா தெரியும்?" என்று குனிந்தபடியே கேட்டான்.

"ஓடுற தண்ணி பேசும். ஒழுகுற தண்ணி சீறும். இந்தத் தெருவுல சீறல் இல்ல. நல்லா இருக்கு."

மூன்று மணி நேரம் கழித்துக் குழாயைத் திருப்பிக் கண்ணாடியின் மேல் கால் மணி நேரம் தண்ணீர் விட்டார்கள். அவர் உள்ளே உட்கார்ந்து, கூரை ஓரத்தில் விரலை வைத்துக்கொண்டே இருந்தார். பிறகு கதவைத் திறந்து காய்ந்த விரலை அவனிடம் காட்டினார். மாலை வெயில் சாய்ந்த நேரத்தில் மறுபடியும் ஆற்றுச் சாலைக்குப் போனார்கள். இந்த முறை அவர் ஓட்டினார், அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். எழுபது, எண்பது, தொண்ணூறு. காற்று வண்டியைத் தள்ளியது. உள்ளே அதன் சத்தம் மட்டும் வரவில்லை. இருவரும் மடியில் கைக்குழந்தை தூங்குவதுபோலப் பேசாமல் இருந்தார்கள்.

"ரொம்ப அமைதியா இருக்குப்பா," என்றார் அவர் கடைசியில். "எனக்குப் பழக்கமே இல்ல." சொல்லிவிட்டுத் தன் பக்கத்து ஜன்னலை ஒரு விரல் அளவுக்கு இறக்கிவிட்டார்.

வீட்டுக்கு வந்தபோது மனைவி துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். அவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் நடந்ததை எல்லாம் சொல்ல ஆரம்பித்தான். கோலைச் சொன்னான், டயர் கல்லைச் சொன்னான், சோப்புக் குமிழைச் சொன்னான். கண்ணாடியில் இருந்த தேதியைச் சொன்னதும் அவள் கை மடிப்பை நிறுத்திவிட்டது.

"நான் ரெண்டே வார்த்தைதானே பேசினேன்," என்றாள். "அதுக்குள்ளயா பசை காஞ்சிருச்சு?"

"நீ வச்ச பிறகு நான் உடனே எழுந்திரிக்கல."

"என்ன பண்ணீங்க?"

"உட்கார்ந்திருந்தேன்."

"சும்மாவா?"

அவன் குனிந்து செருப்பைக் கழற்றினான். அன்றைக்கு அவள் வீடு திரும்பியபோது, "அதான் ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாங்கல்ல, நான் அப்பவே சொன்னேன்" என்று சர்வசாதாரணமாகச் சொன்னவன் அவன். அவளுக்கு அதில் கொஞ்சம் வருத்தமும் இருந்தது. ஆம்பளைக்கு இதெல்லாம் ஒரு பொருட்டா என்று தங்கையிடம் போனில் சொல்லியிருக்கிறாள்.

"அழுதீங்களா?"

"பத்து நிமிஷத்துக்கு மேல இருந்திருக்கும்," என்றான் அவன். "பசை சொல்லுது."

சட்டைப் பையிலிருந்து அந்தக் கருப்புத் துண்டை எடுத்து அவளிடம் நீட்டினான். அவள் அதைக் கையில் வாங்கி ஜன்னலோரம் போனாள். ரப்பர்போல வளைந்தது. நடுவில் இரண்டு பசையும் சேராத இடத்தைக் கட்டைவிரலால் மெதுவாகப் பிரித்தாள். அந்தச் சின்ன வாய் திறந்தது. அதைக் கண்ணருகே கொண்டுபோய், வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, அந்த வழியாக வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.